மரம் ஏற ஒரு பேண்ட்டு

பேண்ட்டைப் பத்தி ஒரு பதிவா, அதுவும் இவ்வளவு நீளத்துக்கான்னு கேக்கப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது நான் போடற பேண்ட்டைப் பத்தினது இல்லை. எனக்கென்ன, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாற்காலில உக்காந்து கீபோர்டைத் தட்டற ஜீவன். சாயம் போன ஜீன்ஸ் ரெண்டு இருந்தா வருஷத்தை ஓட்டிடுவேன். அறுபது அடி தென்னைல ஒரே நாள்ல முப்பது நாப்பது தடவை ஏறி இறங்கறாரே ஒருத்தர், அவருக்கு எப்படிப்பட்ட பேண்ட்டு வேணும், அதை யார் வாங்கித் தரணும்னு யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

என் கட்சி என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். மரம் ஏறறவர் போட்டுக்கற உடுப்பும் அரிவாள், கயிறு மாதிரி ஒரு கருவிதான். அதை அவரோட சொந்த விஷயம்னு விட்டுடக் கூடாது. இதுல ஒத்துப்போறவங்க கீழே இருக்கற தையல் கணக்கைப் பாருங்க. ஒத்துப்போகாதவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

தஞ்சாவூர்ல தென்னையா?

தஞ்சாவூர்னா நெல்லுதான்னு வெளியூர் ஆளுங்களுக்கு ஒரு நினைப்பு. அது பாதிதான் சரி. ஒரத்தநாடு தாண்டி பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு கடல் பக்கமா போகப் போக வயல் குறைஞ்சு தோப்பு கூடிக்கிட்டே போகும். மேட்டூர் அணை 1934-ல முடிஞ்சப்ப அந்தத் திட்டத்தோட சேர்ந்து வந்ததுதான் கல்லணைக் கால்வாய். எங்க பக்கம் புது ஆறும்பாங்க. அந்தத் தண்ணி எட்டின மேட்டு நிலமும், எட்டாத இடத்துல போர் தண்ணியுமா வளர்ந்ததுதான் இந்தத் தோப்பெல்லாம். பட்டுக்கோட்டை பக்கத்துல வேப்பங்குளத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கு.

தென்னைக்கு நெல்லு மாதிரி வருஷத்துக்கு ஒரு அறுவடை, ரெண்டு அறுவடைன்னு கணக்கு கிடையாது. ஏறக்குறைய நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. அதாவது தோப்புக்கு வருஷத்துல ஏழெட்டு தடவை ஆள் வரணும். எட்டற உயரம்னா தரையில நின்னே மூங்கில் கழில தொரட்டியைக் கட்டிப் பறிச்சுடலாம். ஆனா நெட்டை ரகம் வயசானா எந்தக் கழியும் எட்டாது. இளநீரைத் தொரட்டில இழுத்துப் போட்டா கீழ விழுந்து வெடிச்சுடும், குலையோட வெட்டிக் கயித்துல இறக்கணும். அதைவிட முக்கியம், காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைச்சிருக்கா, சிவப்புக் கூன்வண்டு புகுந்துருக்கா, பன்னாடையும் காஞ்ச மட்டையும் சேர்ந்து அடைஞ்சு கிடக்கான்னு பார்க்க ஒரு மனுஷன் கொண்டைக்குப் போய்த்தான் ஆகணும். டிரோன் விட்டு மேலேர்ந்து படம் எடுக்கலாம். மட்டையை விலக்கிப் பார்த்து வண்டை வெளிய இழுக்க அதுக்குக் கை இல்லையே.

ஆக, தோப்பு இருக்கற வரைக்கும் ஏறறவர் வேணும். ஆனா ஏற ஆள் கிடைக்கலைங்கறதுதான் எந்தத் தோப்புக்காரரைக் கேட்டாலும் வர்ற முதல் புலம்பல். பசங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டாங்க, யார் சார் ஏறறாங்கன்னு சொல்லுவாங்க. ஏன் ஏறலைன்னு மட்டும் பெரும்பாலும் பேச்சு வராது. பணம் ஒரு காரணம். விழுந்தா குடும்பம் நடுத்தெருவுலங்கற பயம் இன்னொண்ணு. மூணாவதா ஒண்ணு இருக்கு. இந்த வேலைக்குன்னு மதிப்பா ஒரு உடுப்புகூட இல்லாம, கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு உடம்பெல்லாம் சிராய்ப்போட வீட்டுக்குப் போற பொழைப்பை எந்தப் பையனும் விரும்பறதில்லை.

இப்ப என்ன போடறாங்க?

எங்க பக்கத்துல நான் பார்த்தது நாலு வகை.

முதல்ல லுங்கி. மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறறது. காத்தோட்டமா இருக்கும், காலை எப்படி வேணா தூக்கலாம், எந்த ஊர்லயும் கிடைக்கும். குறை என்னன்னா முடிச்சு. ஏற ஏற இடுப்பு அசைஞ்சு முடிச்சு தளரும். தளர்ந்தா ஒரு கையை மரத்துலேர்ந்து எடுத்து அதை இறுக்கணும். அறுபது அடி மேல ஒரு கைங்கறது சும்மா இல்லைங்க.

ரெண்டாவது, நம்ம பட்டாப்பட்டி டவுசர். நாடா கட்டின, தொளதொளன்னு கோடு போட்ட டவுசர். கிராமத்து சினிமான்னா காமெடிக்குக் காட்டுவாங்க. ஆனா ஒரு இன்ஜினியரா அதைப் பார்த்தா அசந்து போயிடுவேன். பொத்தான் இல்லை, பக்கிள் இல்லை, இடுப்பு எவ்வளவு ஏறி இறங்கினாலும் நாடா சமாளிக்கும், தொடையைச் சுத்தி இடம், வேர்வை உடனே காயும். முழங்காலை நெஞ்சு வரைக்கும் தூக்கலாம். குறை ரெண்டுதான். துணி மெல்லிசு, அதனால உள்தொடை சீக்கிரம் நஞ்சுடும். முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது.

மூணாவது, மகனோ மருமகனோ போட்டுக் கழிச்ச ஜீன்ஸ். பார்க்க உறுதி. நல்ல ஜீன்ஸ் துணி சதுர மீட்டருக்கு 400 கிராம் வரும். ஐப்பசி கார்த்திகை மழைல நனைஞ்சா காய ரெண்டு நாள், காயற வரைக்கும் கல்லு மாதிரி கனம். முழங்காலைத் தூக்கினா துணி தொடையைப் பிடிச்சு இழுக்கும். முன்னாடி இருக்கற உலோகப் பொத்தான் மரத்தைக் கட்டிப் பிடிக்கறப்ப அடிவயித்துல அழுத்தும்.

நாலாவது, விளையாட்டுக்குப் போடற டிராக் பேண்ட்டு. காலை நல்லா தூக்கலாம். ஆனா வழவழன்னு இருக்கற பாலியஸ்டர் துணி மரத்துல பிடிக்காது, வழுக்கும். மட்டை வெட்டின கணுல மாட்டினா நூலு நூலா இழுபட்டுப் போகும்.

இந்த நாலையும் வச்சு யோசிச்சப்ப எனக்கு ஒரே ஒரு விதி கிடைச்சது. மரத்து மேல இருக்கறப்ப உடுப்பு கையைக் கேக்கக் கூடாது. இழுத்து விட, முடிச்சு போட, சொறிய, மாட்டினதை எடுத்துவிடன்னு எதுக்கும் கேக்கக் கூடாது. விலை, அழகு, பிராண்டு எல்லாம் அதுக்கப்புறம்.

பனை ஏறறவங்க எப்பவோ கண்டுபிடிச்சது

உடுப்பும் கருவிதான்னு நான் சொல்றது ஒண்ணும் புதுசு இல்லை. பனை ஏறறவங்களைப் பாருங்க. பனந்தண்டு தென்னை மாதிரி இல்லை, அரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும். சீசன்ல ஒரே மரத்துல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை ஏறியாகணும். அதனால நெஞ்சுக்குத் தோல், காலுக்குத் தளைநார், ஏற ஆரம்பிக்க முருக்குத்தடி, இடுப்புல அரிவாள் பெட்டின்னு தலைமுறை தலைமுறையா ஒரு முழு செட்டையே உருவாக்கி வச்சிருந்தாங்க. எந்த இடம் மரத்துல உரசுதோ அந்த இடத்துல மட்டும் தோல், மிச்ச இடமெல்லாம் காத்து. இன்னிக்கு வெளிநாட்டு கம்பெனிங்க முழங்கால்ல ரெட்டைத் துணி, தொடைல வலுவான துணின்னு விளம்பரம் பண்றதுக்குப் பின்னாடி இருக்கற யோசனையும் இதேதான்.

வயல்ல வேலை செஞ்சவங்களும் மரம் ஏறினவங்களும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினது எதுக்கு? ரெண்டு காலையும் தனித்தனியாப் பிரிச்சு, நடுவுல துணி தொங்காம, கை ரெண்டையும் வேலைக்கு விடறதுக்குத்தான். வெட்டாம தைக்காம ஒரு முழுத் துணிலேயே பேண்ட்டு செஞ்சிருக்காங்க. அந்த வழக்கம் போயிடுச்சு. அந்த இடத்துக்கு உருப்படியா வேற எதுவும் வரலை.

சரி, எப்படி இருக்கணும்?

எங்க சொந்தக்காரர் தோப்புக்கு வெட்டுக்கு வர்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசி ரெக்வயர்மெண்ட் எடுத்தேன். (ஆபீஸ்ல கிளையண்ட்டுகிட்ட எடுக்கறதைவிட இது சுலபம். அவருக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெளிவாத் தெரியுது!) அதை எடுத்துக்கிட்டு ஒரத்தநாட்டுல ஒரு தையல்கார அக்காகிட்ட போனேன். ரெண்டு பேரும் சொன்னதை வரிசையாத் தர்றேன்.

1) கவட்டைல தனித் துண்டு. இதுதான் உயிர்நாடி. சாதாரண பேண்ட்டுல நாலு தையலும் கவட்டைல ஒரே புள்ளில வந்து சேரும். முழங்காலைத் தூக்கினா மொத்த இழுப்பும் அந்தப் புள்ளில விழும், கிழியறதும் அங்கதான். அந்த இடத்துல சாய்சதுரமா ஒரு துண்டு வச்சுத் தைச்சா இழுப்பு பிரிஞ்சு போயிடும். மலை ஏறறவங்களோட பேண்ட்டுல இதைப் பெரிய விஷயமா சொல்லி விப்பாங்க. அந்த அக்காகிட்ட படம் போட்டுக் காட்டினேன். "இது சுடிதார் பேண்ட்டுக்கு வைக்கற துண்டுதானே தம்பி, இதுக்கு எதுக்குப் படம்?"னு கேட்டாங்க. அவங்க சொன்னப்புறம்தான் உறைச்சுது, இந்த நுட்பம் நம்ம ஊர் பெண்களோட உடுப்புல காலங்காலமா இருக்கு. ஆம்பளைங்க பேண்ட்டுல யாரும் கேக்கலை, அதனால யாரும் வைக்கலை.

2) துணி. சதுர மீட்டருக்கு 240 கிராம்லேர்ந்து 280 கிராம் வரைக்கும் இருக்கற ட்ரில் துணி. பள்ளிக்கூட யூனிபாரமும் காக்கி உடுப்பும் தைக்கறாங்களே, அந்தச் சாய்கோட்டு நெசவு. ஜீன்ஸைவிட லேசு, பட்டாப்பட்டியைவிட ரொம்ப வலுவு. முழுப் பருத்தின்னா மரத்துல நல்லா பிடிக்கும், வேர்வை உறிஞ்சும், ஆனா நனைஞ்சா காய நேரமாகும். கொஞ்சம் பாலியஸ்டர் கலந்தா சீக்கிரம் காயும், உழைக்கும். பாதிக்கு மேல பருத்தி இருக்கட்டும். இழுவைத் துணி வேண்டாம். அதுல இருக்கற ரப்பர் நூல் நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் சீக்கிரம் செத்துப் போயிடும். இழுவையைத் துணில தேடாம வெட்டுலயும் கவட்டைத் துண்டுலயும் கொண்டுவந்துடணும்.

3) உள்தொடைலேர்ந்து முழங்காலோட உள்பக்கம் வரைக்கும் ரெட்டைத் துணி. மரத்துல உரசறது அந்தப் பக்கம்தான். கடைல விக்கற வேலை பேண்ட்டுல முழங்காலுக்கு முன்னாடி ரெட்டைத் துணி வச்சிருப்பாங்க. அது தரைல மண்டி போடறவங்களுக்கு. மரம் ஏறறவருக்கு வேணுங்கறது உள்பக்கம்.

4) இடுப்புல நாடா. பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். பெல்ட் வேண்டாம், பக்கிள் வேண்டாம், முன்பக்கம் எந்த உலோகமும் வேண்டாம்.

5) நீளம். காலுக்குத் தளை போட்டு வெறுங்கால்ல ஏறறவருக்குக் கெண்டைக்கால் பாதி வரைக்கும் போதும். அதுக்குக் கீழ துணி இருந்தா தளைக்கும் பாதத்துக்கும் நடுவுல சிக்கும். கருவில நின்னு ஏறறவருக்கு, காலணி போடறதால, கணுக்கால் வரைக்கும் இருக்கட்டும். ரெண்டுக்கும் கால் விளிம்புல நாடாவோ எலாஸ்டிக்கோ கட்டாயம். ஏன்னா எறும்பு. மரத்துல முசுறு இருந்தா லுங்கிக்குள்ள ஏறினதுக்கப்புறம் என்ன ஆகும்னு கற்பனை பண்ணிக்கங்க. கீழ இருந்தா குதிச்சுத் தட்டி விடலாம். மேல இருந்தா?

6) நிறம். காக்கி, வெளிர் பழுப்பு. தென்னங்கறை போகவே போகாது, இந்த நிறத்துல அவ்வளவாத் தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கு. கொண்டைல குளவிக்கூடு இருக்கும். குளவியும் தேனீயும் கருப்பு நிறத்து மேல கூடுதலாப் பாயும். தேனீ வளர்க்கறவங்க வெள்ளை உடுப்பு போடறது சும்மா இல்லை.

7) பாக்கெட். பின்னாடி ஒண்ணே ஒண்ணு, மூடி வச்சு. முன்பாக்கெட்ல செல்போன் இருந்தா மரத்துக்கும் தொடைக்கும் நடுவுல நசுங்கும். பக்கவாட்டுல புடைச்சுக்கிட்டு நிக்கற பாக்கெட் மட்டைல மாட்டும். அரிவாளுக்கு இடம் பேண்ட்டுல வேண்டவே வேண்டாம், அது இடுப்புக் கயித்துல தனி உறைல தொங்கட்டும்.

8) தையல். பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேர்வைல இத்துப் போயிடும், துணி நல்லா இருக்கறப்பவே தையல் விட்டுடும். ஜீன்ஸ்ல போடற மாதிரி ஓரத்தை மடிச்சு ரெண்டு ஓட்டு.

கடைல வாங்கறதானாலும் இதே கணக்குதான். போட்டுப் பார்க்கற அறைல ரெண்டே சோதனை. முழுசா குத்துக்கால் போட்டு உக்காருங்க. அப்புறம் ஒரு காலை மட்டும் முழங்கால் நெஞ்சைத் தொடற மாதிரி தூக்குங்க. எங்கயாவது துணி பிடிச்சா, இடுப்பு கீழ இறங்கினா, அந்தப் பேண்ட்டு ஆபீஸுக்குத்தான் லாயக்கு.

துணி, நாடா, கூலி எல்லாம் சேர்த்து ஒரு பேண்ட்டுக்கு எனக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள. ரெண்டு தைச்சோம், துவைச்சு மாத்தறதுக்கு. ரெண்டு வெட்டு முடிஞ்சதும் கேட்டேன். "நல்லாருக்கு தம்பி"ன்னாரு. எது நல்லாருக்குன்னு தோண்டிக் கேட்டேன். "இடுப்பைப் பத்தி நெனைக்கவே இல்லை"ன்னாரு. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

பெல்ட் போடணும்னா முதல்ல பேண்ட்டு வேணும்

பேண்ட்டு உயிரைக் காப்பாத்துமான்னு கேட்டா, காப்பாத்தாது. விழற மனுஷனைப் பிடிக்கறது பாதுகாப்பு பெல்ட்டும் கயிறும்தான். ஆனா அந்த பெல்ட்டைப் பார்த்திருக்கீங்களா? இடுப்புல மட்டும் கட்டறது இல்லை. ரெண்டு தொடையையும் தனித்தனியாச் சுத்தி வார் வரும். லுங்கி மேல அதை எப்படிப் போடறது? வெறுந்தொடைல போட்டா வார் அறுக்கும். பெல்ட் குடுத்தும் போட மாட்டேங்கறாங்கன்னு அலுத்துக்கறவங்க, பெல்ட்டுக்குள்ள போட என்ன குடுத்தோம்னு ஒரு தடவை யோசிக்கணும்.

ஏறற கருவியும் அப்படித்தான். கேரளத்துல கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப்ங்கற விவசாயி கண்டுபிடிச்ச, நின்னு மிதிச்சு ஏறற கருவி ரொம்பப் பிரபலம். உக்காந்து ஏறற மாதிரி கருவிகளும் இருக்கு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல 'தென்னை மரத்தின் நண்பர்கள்'ங்கற பயிற்சியை ஆரம்பிச்சு, புது ஆட்களைக் கருவில ஏறப் பழக்குச்சு. பெண்களும் ஏறக் கத்துக்கிட்டாங்க. ஏறறவங்களுக்குன்னு கேர சுரக்ஷாங்கற காப்பீடும் வாரியம் வச்சிருக்கு. எல்லாம் நல்ல விஷயம். ஆனா கருவில கம்பிக் கயிறும் கொக்கியும் இருக்கு, முழங்கால் மாத்தி மாத்தி மேல வரணும். புடவையும் லுங்கியும் அங்க ஆபத்து. பயிற்சி, கருவி, காப்பீடுன்னு மூணு தூண் நட்டாச்சு. நாலாவதா உடுப்பையும் சேர்த்துட்டா முடிஞ்சுது.

கஜாவுக்கு அப்புறம்

2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் எங்க பக்கத்துல என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கான தென்னை சாஞ்சுது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய்னு அரசு நிவாரணம் அறிவிச்சுது. அந்த வாரங்கள்ல ஊரெல்லாம் செயின் சா சத்தம். மடிச்சுக் கட்டின லுங்கி, ரப்பர் செருப்பு, கைல செயின் சா. அதான் கோலம்.

ஐரோப்பால மரம் வெட்டறவங்க செயின் சாவுக்குன்னே தனிப் பேண்ட்டு போடறாங்க. துணிக்குள்ள நீள நீளமான இழைகளை அடுக்கடுக்கா வச்சிருப்பாங்க. சங்கிலி துணியைக் கிழிச்சதும் அந்த இழையெல்லாம் வெளிய வந்து பல்லுல சுத்திக்கிட்டு மெஷினையே நிறுத்திடும். இதுக்கு ஒரு தர நிர்ணயமே இருக்கு. முதல் வகுப்புன்னா விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடற சங்கிலியைத் தாங்கணும். காலோட முன்பக்கத்தை மட்டும் காக்கறது ஒரு வகை, சுத்திலும் காக்கறது ஒரு வகை. சுத்திலும் காக்கற வகை நம்ம காசுக்கு ஐந்து இலக்கத்துல போகும்.

அதை அப்படியே இங்க கொண்டுவரணும்னு நான் சொல்ல வரலை. சித்திரை வெயில்ல அந்த அடுக்குத் துணியைப் போட்டுக்கிட்டு மரம் ஏறினா, மரத்துலேர்ந்து விழறதுக்கு முன்னாடி மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க. அது தரைல நின்னு மரம் அறுக்கறவங்களுக்கு. அவங்களுக்கு முன்பக்கம் மட்டும் கட்டிக்கற உறை கிடைக்குது, ஊருக்கு ரெண்டு செட் பொதுவுல வாங்கி வச்சுக்கலாம். ஏறறவருக்கு வேணுங்கறது லேசான ட்ரில் பேண்ட்டு. எந்த வேலைக்கு எந்த உடுப்புன்னு பிரிச்சுப் பார்க்கறதைத்தான் நாம அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்கணும்.

கஜாவுக்கு அப்புறம் நட்ட கன்னெல்லாம் இப்ப காய்க்க ஆரம்பிச்சாச்சு. தரையில நின்னே பறிக்கற உயரம். அதனால கவலை இல்லைன்னு தோணும். இன்னும் பதினஞ்சு வருஷத்துல அதெல்லாம் ஏறற உயரத்துக்கு வந்துடும். குட்டை ரகம் நட்டா ஏற வேண்டாமேன்னு கேக்கலாம். இளநீருக்கு சரி. கொப்பரைக்கு நெட்டையை நம்பித்தான் பெரும்பாலான தோப்பு இருக்கு. அன்னிக்கு ஏறப் போற ஆளு இன்னிக்கு ஊர்ல ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கற பையனோ பொண்ணோதான். இந்த வேலை அவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கறதுதான் கேள்வி.

துணி வெறும் துணி இல்லை

உடுப்புல என்ன இருக்குன்னு யாராவது கேட்டா சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் பகுதில ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மேல எட்டுத் தடை விதிச்சாங்க. அதுல ஒண்ணு, ஆம்பளைங்க இடுப்புக்கு மேலயும் முழங்காலுக்குக் கீழயும் துணி போடக் கூடாதுங்கறது. ஜே. எச். ஹட்டன் தன்னோட புத்தகத்துல இதைப் பதிவு பண்ணியிருக்கார். தெற்கே திருவிதாங்கூர்ல பனை ஏறற சமூகத்துப் பெண்கள் மேலாடை போடற உரிமைக்காகப் பல வருஷம் போராடி, 1859-லதான் அரசாணை வந்தது. உழைக்கறவங்க உடம்புல எந்த அளவுக்குத் துணி இருக்கலாம்னு அடுத்தவங்க முடிவு பண்ணின நாடு இது.

இன்னிக்கு அப்படி ஒரு தடை போட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனா தோப்புக்கு ஒருத்தர் முழுப் பேண்ட்டுல வந்தா "என்ன, ஆபீஸருக்குப் போற மாதிரி வந்திருக்கே"ன்னு ஒரு நக்கல் வருதுல்ல? அந்த நக்கல் எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் யோசிச்சா தெரியும்.

யார் வாங்கித் தரணும்?

இனி சண்டை :-) "ஏறறவர் நாப்பது தோப்புக்குப் போறார். நான் ஒருத்தன் எதுக்கு வாங்கித் தரணும்?" இது நியாயமான கேள்வி. என் பதில் ரெண்டு. ஒண்ணு, தனியா வாங்கித் தர வேண்டாம், சேர்ந்து வாங்குங்க. உற்பத்தியாளர் குழு, கம்பெனின்னு தென்னை விவசாயிங்க அமைப்பாத்தான் இருக்காங்க. உரம் சேர்ந்து வாங்கறோம், கொப்பரை சேர்ந்து விக்கறோம். வருஷத்துக்கு ஏறறவர் ஒருத்தருக்கு ரெண்டு பேண்ட்டுங்கறது அந்தக் கணக்குல ஒரு மூலைக்குக்கூட வராது. ரெண்டு, தனியா வாங்கித் தந்தாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. நூறு மரத் தோப்புக்கு ஒரு வெட்டுல கீழ விழுந்து நாய் நரி தூக்கிட்டுப் போற காய்க் கணக்கே அந்தக் காசுக்கு வந்துடும்.

"கூலியோட சேர்த்துதானே தர்றோம், அவரே வாங்கிக்கட்டுமே"ன்னு இன்னொரு வாதம். எங்க ஆபீஸ்ல லேப்டாப்பை சம்பளத்துலேர்ந்து வாங்கிக்கச் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டோம். அது வேலைக்கான கருவி, கம்பெனிதான் தரணும்போம். முதுகு வலிக்காத நாற்காலி வேணும்னு மெயில் போட்டு வாங்கறோம். நாற்காலில உக்காந்திருக்கறவனுக்கு இருக்கற நியாயம் மரத்து மேல இருக்கறவருக்கு ஏன் இல்லை? கூலில ஒரு நூறு ரூபாய் ஏத்தித் தந்தா அது ரேஷனுக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் போகும். போகத்தான் செய்யும், அதுதான் அவரோட முதல் கவலை. அதனாலதான் கருவியைப் பொருளாவே தரணும்.

"குடுத்தாலும் போட மாட்டாங்க" மூணாவது. தைக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேக்கலைன்னா போட மாட்டாங்கதான். அவர் அளவுக்கு, அவர் சொன்ன நீளத்துக்குத் தைச்சா எதுக்குப் போடாம இருக்கப் போறார்? யாரையும் கேக்காம மொத்தமா ஆர்டர் போட்டு, எல்லாருக்கும் ஒரே சைஸ்ல வந்து இறங்கற இலவசப் பொருளுக்கு என்ன கதி ஆகும்னு நமக்கெல்லாம் தெரியும்.

இதுல ஒரு கூடுதல் லாபமும் இருக்கு. பட்டுக்கோட்டைலயும் ஒரத்தநாட்டுலயும் பேராவூரணிலயும் தையல் தெரிஞ்ச பெண்கள் எத்தனையோ பேர் இருக்காங்க. அந்தக் கவட்டைத் துண்டு அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. வெளியூர்லேர்ந்து எதையும் வரவழைக்க வேண்டாம். ட்ரில் துணி மட்டும் ஒரு சுருள் வாங்கினா போதும்.

உங்கள்ல தோப்பு இருக்கறவங்க, அப்பா சித்தப்பா மாமா யாருக்காவது தோப்பு இருக்கறவங்க, அடுத்த வெட்டுக்கு ஆள் வர்றப்ப ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. "அண்ணே, இடுப்பு அளவு என்ன, நீளம் எது வரைக்கும் வேணும்?"னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. அதுக்கடுத்த வெட்டுக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு. ரெண்டு பேண்ட்டு தைக்க அது தாராளமாப் போதும்.

பனை, பாக்கு, மிளகுன்னு வேற மரம் ஏறற ஊர்க்காரங்க இருந்தா உங்க பக்கம் என்ன போடறாங்க, எங்க கிழியுதுன்னு எழுதுங்க. எல்லாத்தையும் சேர்த்து அளவோட ஒரு தையல் படம் போட்டு அடுத்த பதிவுல தர்றேன். எந்த ஊர் டெய்லர் வேணா எடுத்துத் தைச்சுக்கலாம், காப்பிரைட் எல்லாம் கிடையாது.